மகர்நோன்புப் பொட்டலில் ஊதிய விசில்

விசிலில் இன்னும் கிராம்பு வாசனை இருக்கிறது, மச்சான். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவிப் பார்த்துவிட்டேன். வெந்நீரிலும் போட்டெடுத்தேன். மருமகள் தேன்மொழி வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியலையே மாமா" என்றாள். எனக்கு மட்டும் வருகிறது. கண்டக்டர் வேலையில் பஸ்ஸில் கத்திக் கத்தித் தொண்டை கட்டாமல் இருக்க நீங்கள் கடைவாயில் ஒரு கிராம்பை எப்போதும் ஒதுக்கி வைத்திருப்பீர்களே, அந்த வாசனை.

மகர்நோன்பு முடிந்து சில நாட்களாகிவிட்டன. ஆயுத பூசை, விஜயதசமி லீவு முடிந்து பிள்ளைகள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அனுமார் வாலும் ராஜா கிரீடமும் குறத்தியின் பாசிமணியும் தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. விசிலை மட்டும் நான் இன்னும் பெட்டியில் வைக்கவில்லை. சட்டைப் பையில்தான் கிடக்கிறது. நடந்ததை உங்களிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் முதலில் பயந்துவிட்டு, அப்புறம் சிரிப்பீர்கள். அந்த வித்தியாசம் எனக்கு வேண்டியிருக்கிறது.

போன வருஷம் உங்கள் துக்க வருஷம். வீட்டில் எந்தப் பண்டிகையும் இல்லை. இந்த வருஷமும் அப்படியே கடந்துவிடும் என்று நான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆவணி பிறந்ததும் அக்கா ஆரம்பித்துவிட்டது.

"என்னடா தம்பி, பிள்ளைகளுக்கு வேசங்கட்டணுமில்ல?"

"ஒம் மகன் ராசேந்திரன் சிங்கப்பூர்ல இருக்கானே அக்கா. எம் மகனுக்கும் லீவு இல்லையாம். ஆம்பளையாளு யாருமில்லாம..."

"அவன் வந்தா மட்டும் என்ன செய்யப் போறான்? போனைப் பாத்துக்கிட்டு நிப்பான். நீ ஒருத்தன் இருக்கேல்ல? நீ ஆம்பளையாளு இல்லையா?"

உங்களைப் போல உடனே ஒரு பதிலடி கொடுக்க எனக்கு வராது. சும்மா இருந்தேன். சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அக்கா பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டது.

பெட்டியைத் திறந்ததும் அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை வந்தது. மேலே மடித்து வைத்திருந்தது உங்கள் காக்கிச் சட்டை. ஓய்வு பெற்ற பிறகு வருஷத்துக்கு ஒரு நாள் மகர்நோன்பு அன்றைக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்வீர்கள். "எல்லாருக்கும் ஒரு வேசம். எனக்கு இதுதான் வேசம்" என்பீர்கள். என்னைப் பார்த்து, "மாப்ளே, நீயும் ஒண்ணு கட்டேன்டா. வருசம் பூரா லைப்ரேரியன் வேசத்துலயே இருக்கியே, ஒனக்குப் போரடிக்கலையா?" என்பீர்கள். பிள்ளைகளெல்லாம் சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். வேஷம் கட்டியதே இல்லை. கூச்சம். கிளை நூலகத்தில் உட்கார்ந்து "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். அதைக்கூடச் சத்தமில்லாமல்தான் சொல்லியிருக்கிறேன்.

காக்கிச் சட்டையின் பையில் விசில் இருந்தது. அக்கா அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தது. பிறகு என் சட்டைப் பையில் போட்டது. "நீ ஊதுறியோ இல்லையோ, பையில கெடக்கட்டும்."

நீங்கள் பிள்ளைகளைத் தயார் செய்த விதம் எனக்கு அப்போது விளையாட்டாகத்தான் தெரிந்தது. லீவு விட்டு எல்லாம் வந்து இறங்கிய மறுநாளே முற்றத்தில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு பஸ் ஆக்கிவிடுவீர்கள். சோடி சோடியாக உட்கார வைப்பீர்கள். ஆளுக்கு ஓர் ஊர்ப் பெயர். கட்டைக் குரலில் ஆலங்குடி, கீரனூர், கந்தர்வக்கோட்டை என்று கூப்பிட்டு ஏற்றுவீர்கள். "வேசங்கட்டின பெறகு ஒங்களுக்கெல்லாம் பேரு கெடையாது. சாமியப் பேரு சொல்லி அதட்டுவீங்களா? அம்பு விழுகுற வரைக்கும் நீ கீரனூரு. நீ கந்தர்வக்கோட்டை. எவனாச்சும் பேரச் சொன்னான், எறக்கி விட்டுருவேன்." உங்கள் ஊர் வழக்கம் அது. வேஷம் கட்டியவரை, சாமி போடும் அம்பு விழும்வரை, சொந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது. அந்த வழக்கத்துக்கு நீங்கள் ஒரு பஸ் ரூட்டையே கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள்.

ஒரு விசில் ஊதினால் நின்ற இடத்திலேயே நின்று கையைத் தூக்க வேண்டும். இரண்டு ஊதினால் வண்டிக்கு வந்துவிட வேண்டும். தலையை நீங்கள் எண்ணியதே இல்லை. "பக்கத்து சீட்டு யாரு?" என்று ஒவ்வொன்றிடமும் கேட்பீர்கள். ஒரு பிள்ளை இறங்கினால் அதன் சோடியும் கூடவே இறங்கியாக வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி, மூக்குச் சிந்தப் போனாலும் சரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இதையெல்லாம் விட்டுவிட்டேன். உங்கள் குரல் இல்லாமல் நான் "கீரனூர், கீரனூர்" என்று கூவினால் மேடையில் வசனம் மறந்தவன் மாதிரி இருக்கும் என்று வெட்கப்பட்டேன். எனக்குத் தெரிந்த வழியில் ஒழுங்கு செய்தேன். ஒன்பது பிள்ளைகளின் சாமான்களையும் தனித்தனி மஞ்சள் பைகளில் போட்டு, பின்கட்டுச் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினேன். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக் கழுத்திலும் பின்பக்கம் ஒரு துணிப்பட்டை. அதில் ஒரு எண், அதன் கீழே என் செல் நம்பர். எதிலும் பிழையில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

தேன்மொழி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "புஸ்தகத்துக்கு ஒட்டுற மாதிரியில்ல இருக்கு மாமா? எம் பிள்ளை தொலைஞ்சா எந்த ரேக்குல போயித் தேடுறது?"

சிரித்தாளே தவிர அவளுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. யாழினி அவளுக்கு ஒரே பிள்ளை. பிறகு தனியாக வந்து கேட்டாள். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. பெரியவர் இருந்தாருன்னா எனக்கு ஒண்ணுமில்ல. அத்தனை கூட்டத்துல ஒங்களால பாத்துக்கிற முடியுமா? இல்லன்னா இவளுக்கு மட்டும் வேசம் வேணாமே."

"பாத்துக்கலாம்மா" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

யாழினி முன்பு வந்தபோது விவரம் தெரியாத வயது. இந்தத் தடவை வேஷம் என்றதும் தலைகால் புரியவில்லை. "எங்க அபார்ட்மெண்ட்ல ஹாலோவீனுக்குப் பேய் வேஷம் போடுவோமே, அது மாதிரியா தாத்தா?" என்று கேட்டாள். அசுரனை அழிக்கச் சாமி குதிரையேறிப் பொட்டலுக்கு வருவதையும், வாழை மரத்தில் அம்பு போடுவதையும், முன்னால் போகிற படைதான் நாம் என்பதையும் சொன்னேன். உங்கள் வேண்டுதலையும் சொன்னேன். ராசேந்திரன் கைக்குழந்தையாக ஜன்னி கண்டு கிடந்தபோது, பிழைத்தால் வீட்டுப் பிள்ளைகளை வருஷா வருஷம் வேஷம் கட்டிக் கூட்டி வருகிறேன் என்று நீங்கள் உங்கள் ஊர்ச் சாமியிடம் சொன்ன கதை. அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். "அப்ப நான் காளி" என்றாள்.

காளிக்கு நாக்கு வேண்டும். பெட்டியில் பழைய தகர நாக்கு இருந்தது. ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, பல்லில் கடிக்கிற பக்கம் துணி சுற்றிக் கொடுத்தேன். உங்கள் ஊர் வழக்கப்படி நாக்குக் கடித்துவிட்டால் அம்பு விழும்வரை எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. இதை நீங்கள் சொல்லும்போது ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டுதான் சொல்வீர்கள். "மூச்சு முட்டுனா எடுத்துருத்தா, சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிறாது" என்று அடுத்த வாக்கியமும் வரும். நான் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளை என் பேச்சைக் கேட்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

பகல் சாப்பாடு முடிந்ததும் அக்காவும் ராசேந்திரன் பெண்டாட்டி கலாவும் உட்கார்ந்து எல்லோருக்கும் அரிதாரம் பூசினார்கள். யாழினிக்கு முகமெல்லாம் நீலம். சாயம் போட்ட சணலில் இடுப்புவரை முடி. அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடம், முதுகில் அட்டைக் கைகள். நீங்கள் அவளுக்குப் போட்டிருந்த சோடி கலாவின் மகன், இந்தத் தடவை கரடி. அவன் சாக்கு உடுப்புக்குள் போகும்போதே, "அரிக்குது, அரிக்குது" என்று புலம்பினான்.

வேனில் அன்னவாசலிலிருந்து கிளம்பி, புதுக்கோட்டையைத் தாண்டி, திருவரங்குளத்துப் பக்கம் உங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பொட்டலில் இவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முன்பெல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான். இப்போது சுற்று வட்டாரமே வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. பஞ்சுமிட்டாய் வண்டி, வளையல் கடை, ஊதல் விற்கிறவன். இரண்டு கோஷ்டி தப்பு மேளம். அக்காவுக்கு முழங்கால் முடியாது, வேனிலேயே உட்கார்ந்துகொண்டது. நான், தேன்மொழி, கலா மூன்று பேரும் பிள்ளைகளை இறக்கி வரிசையில் விட்டோம். நான் ஒவ்வொரு கழுத்தாகத் தொட்டுப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கரடிக்கு வியர்த்துக் கொட்டி வாந்தி வருகிற மாதிரி ஆகிவிட்டது. கலா அவனைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனாள். நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். நாலாம் நம்பர் அம்மாவோடு வேனில். சரி. மற்ற எட்டும் இங்கே. சரி. கணக்கு அத்தனை ஒழுங்காக இருந்தது மச்சான். "பக்கத்து சீட்டு யாரு?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால், காளி தனியாக நிற்கிறாள் என்பது தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. என் முறையில் அந்தக் கேள்வியே இல்லை.

அப்போதுதான் குதிரை வந்தது. தப்புச் சத்தம் காதை அடைத்தது. கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. நானும் தேன்மொழியும் கைகளை விரித்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டோம். சாய்ந்த கூட்டம் திரும்பவும் நிமிர்ந்தபோது ராஜா இருந்தான், போலீஸ் இருந்தான், அனுமாரும் குறத்தியும் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். காளி இல்லை.

தேன்மொழி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் ராத்திரியில் வருகிறது. பிறகு வாய் பிளந்து கத்தினாள், "யாழினீ! யாழினீ!" வழக்கமாவது ஒன்றாவது, பெற்றவள் கத்தினாள். இரண்டு கோஷ்டித் தப்புக்கும் நடுவில் அந்தச் சத்தம் பத்தடி போயிருக்காது. போயிருந்தாலும் அவள் எப்படிப் பதில் சொல்வாள்? வாயில் தகர நாக்கு. எடுக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னவன் நான்.

மற்ற பிள்ளைகளைத் தேன்மொழியோடு நிறுத்திவிட்டு நான் கூட்டத்துக்குள் போனேன். "காளி! காளியாத்தா!" என்று கூப்பிட்டேன். எதிரே ஒரு நீல முகம் திரும்பியது. நீலச் சாயத்துக்குக் கீழே முறுக்கிய மீசை. "என்ன பெருசு, என்னையவா கூப்புட்ட?" என்றது. இன்னும் இரண்டு காளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூட வயது, ஆனால் யாழினி இல்லை. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நகர்ந்தேன். ஆமாம் மச்சான், அந்த நேரத்திலும் நான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எப்படியெல்லாமோ யோசித்தேன். பொட்டலுக்குப் பின்னால் கண்மாய். புரட்டாசி மழையில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தப் பக்கம் ரோடு, வருகிற வண்டி எல்லாம் நிற்காமல் போகிறது. யாராவது அவளைப் பார்த்துக் கழுத்துப்பட்டையில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்வார்கள் என்று நினைத்தேன். உடனே அந்தப் பட்டைக்கு மேல் சணல் முடி இடுப்புவரை தொங்குவது நினைவுக்கு வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. போனோடு சேர்ந்து விசிலும் கையில் வந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பிள்ளை தொலைந்து கிடக்கிறது, இந்த வயதில் நடுப்பொட்டலில் நின்று விசில் ஊதினால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு மனம் கேட்கிறது. சுற்றிலும் ஐந்து ரூபாய் ஊதல்கள் கத்துகின்றன, இதில் இது எங்கே கேட்கப் போகிறது என்று இன்னொரு சாக்கு. அவள் உங்கள் முற்றத்து பஸ்ஸில் ஏறியபோது நாலோ ஐந்தோ வயது. நினைவிருக்குமா?

முதல் தடவை வெறும் காற்றுத்தான் வந்தது. எச்சில் வறண்டிருந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, நீங்கள் செய்வது போல வயிற்றிலிருந்து இழுத்து ஊதினேன்.

பிளாஸ்டிக் ஊதல் கீச்சிடும். இது அப்படி இல்லையே. உள்ளே மணி உருண்டு, ஓடுகிற பஸ்ஸையே நிறுத்துகிற சத்தம். பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். தேன்மொழியைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் உங்கள் பழைய பிரயாணிகள் எல்லோரும் கையைத் தூக்கி நின்றார்கள். அனுமார் கதாயுதத்தோடு தூக்கியிருந்தான். தூரத்தில் வேன் ஜன்னல் வழியாகக் கரடியின் சாக்குக் கை ஒன்றும் வெளியே நீண்டிருந்தது.

பிறகு பார்த்தேன். வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குலவைச் சத்தம். அந்தத் தலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு நீலக் கை மேலே வந்தது. அட்டைக் கை இல்லை. நிஜக் கை, சின்னது.

அந்தக் கையைப் பார்த்ததும் பெண்கள் இன்னும் உரக்கக் குலவையிட்டார்கள். காளி கையைத் தூக்கி அருள் கொடுக்கிறாளாம். இரண்டு பேர் விழுந்து கும்பிட்டார்கள்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. செருப்பு ஒன்று போய்விட்டது. இடுக்கு வழியாகப் பார்த்தால் யாழினி மரத்தில் முதுகு ஒட்டி நிற்கிறாள். தலையிலும் தோளிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நீலச் சாயம் கண்ணீரில் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. உடம்பெல்லாம் ஆடுகிறது. நாக்கைக் கடித்தபடியே நிற்கிறாள். அழுகிற பிள்ளையைச் சாமி வந்த பிள்ளை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கிழவி சூடத்தட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்கிறாள். "ஆத்தா, எம் பேத்திக்கு இந்தத் தையில கல்யாணம் கூடுமா? சொல்லுத்தா." யாழினி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். "இந்தத் தையில இல்லைங்கிறா" என்று கிழவி பக்கத்தில் சொல்கிறாள். தலை ஆடும்போதெல்லாம் சணல் முடி அந்த நெருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து வந்து போகிறது.

"அம்மா, கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அது நூலகக் குரல். பெயரைச் சொல்லிக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. வழக்கத்தை மீறும் பயமா என்று இன்றுவரை தெரியவில்லை. வந்தது வேறு. விசிலை வாயில் வைத்து ஓர் ஊது ஊதிவிட்டு, எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு கட்டைக் குரலில் கத்தினேன்.

"அன்னவாசல்! அன்னவாசலெல்லாம் எறங்கு! சூடத்தை அங்கிட்டுத் தள்ளுங்கம்மா, ஆள் எறங்கணும்! அன்னவாசல்!"

நீங்கள் அவளுக்கு வைத்த ஊர் அது. எனக்கே அதுவரை நினைவில்லை. வாய்க்கு நினைவிருந்திருக்கிறது.

வட்டம் பிளந்தது. கிழவி சூடத்தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்டக்டர் அதட்டினால் நம் பக்கத்துச் சனம் தன்னாலே நகர்ந்துவிடுகிறது பாருங்கள். யாழினி நிமிர்ந்து பார்த்தாள். அட்டைக் கைகள் எல்லாம் ஆட, ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"யாருய்யா நீ? ஆத்தா வாக்குச் சொல்லிக்கிட்டு இருக்கா, நடுவுல வந்து?" என்றாள் ஒருத்தி.

"ஆத்தா எங்க வண்டியில வந்தவுக" என்றேன். மூச்சு வாங்கியது.

கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையில் விசில், காலில் ஒற்றைச் செருப்பு. "என்ன அய்யா, கண்டக்டர் வேசமா?"

"ஆமாத்தா" என்றேன்.

"அப்பச் சரி. நல்லாத்தான் கட்டியிருக்க. காக்கிச் சட்டைதான் இல்ல."

அதற்குள் யாழினி என் வேட்டியை இழுத்தாள். நாக்கைச் சுட்டிக் காட்டி, எடுக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். அப்போதும் என்னிடம் அனுமதி கேட்கிறாள், மச்சான். நானே என் கையால் எடுத்தேன்.

"தாத்தா, எனக்கு ஒண்ணுக்கு வருது. அப்பவே வருது."

கிழவிதான் முதலில் சிரித்தாள். "அடியே, ஆத்தாளுக்கு ஒண்ணுக்கு வந்துருச்சாம், வழி விடுங்கடி! நான் எம் பேத்தி கல்யாணத்தையில்ல கேட்டுக்கிட்டு இருந்தேன். பாவம் பிள்ளை!" என்று தன் முந்தானையால் யாழினியின் முகத்தைத் துடைத்தாள். நீலம் முந்தானையெல்லாம் ஒட்டியது.

வேனுக்குப் பின்னால் மறைவில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் திரும்பி நின்றுகொண்டிருந்தபோதுதான் பொட்டலில் அதிர்வேட்டு வெடித்தது. அம்பு விழுந்துவிட்டது. நம் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ராஜாவும் போலீஸும்கூடப் பார்க்கவில்லை, தேன்மொழியோடு வேனுக்கு ஓடி வந்திருந்தார்கள். தேன்மொழி யாழினியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள், அந்த நீலத்தோடும் மஞ்சள் தண்ணீரோடும். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஒருவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும், அங்கே வாய் வரவில்லை.

எனக்கு இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. அக்காவிடம் கேட்டேன். "அக்கா, அம்பு போட்டதை யாருமே பாக்கலையே. வேண்டுதல் செல்லுமா?"

"போடா இவனே" என்றது அக்கா. "வேசங்கட்டிக் கூட்டியாறேன்னுதானே அந்த மனுசன் சொன்னாரு? வந்தமில்ல? பாக்குறது சாமி வேலை, அது பாத்துக்கிரும்." பிறகு குரல் மாறியது. "விசிலு சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சுடா. ஒரு நிமிசம் நான் அவருதான்னு..." என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளைகள் சோடி சோடியாக உட்கார்ந்திருந்தார்கள், யாரும் சொல்லாமலே. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் பொழுது சாயும்போதெல்லாம் என்னிடம் ஒன்று கேட்பீர்கள். கண் மூடியபடியே, "எல்லாரும் ஏறியாச்சா மாப்ளே?" என்பீர்கள். நானும் "ஏறியாச்சு மச்சான்" என்பேன். யார் ஏறினார்கள், எந்த வண்டி என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வேனில் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், "பக்கத்து சீட்டு யாரு?" என்று கேட்டேன். கரடியைக் கேட்டபோது, "அன்னவாசல்" என்று உரக்கச் சொன்னான். பிறகு படியில் நின்று இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. நீங்கள் எப்போதும் கடைசி ஆளாக ஏறுவீர்கள் என்பதும், ஏறியபின் ஒரு கையால் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வருவீர்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வேஷத்தைக் கலைத்தோம். ராஜா கலைந்து பிரணவாகிவிட்டான். குறத்தி பவித்ராவானாள். நீலம் முழுக்கப் போனபின் யாழினி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இப்ப என் பேரைக் கூப்பிடலாமா தாத்தா?" என்றாள். கூப்பிட்டேன். தேன்மொழி எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பொட்டலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மாமா, அடுத்து நீங்க. ஒங்க வேசத்தையும் கலைக்கணுமில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் விரலை எண்ணெயில் தொட்டேன். முகத்தில் சாயமில்லை, தலையில் கிரீடமில்லை. எதைத் துடைப்பது என்று தெரியவில்லை, மச்சான். விரலில் இருந்த எண்ணெயை விசிலின் மேல் தடவித் துடைத்து, திரும்பவும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.